கால் வேலியைக் கடப்பது எப்படி?

புனேயின் தாலீம்களில் குஸ்தி பார்த்தவர்களுக்குத் தெரியும்: மல்லன் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. கேம்பில் நான் கற்கும் பிரேசில் ஜியு-ஜிட்சுவிலோ அங்கிருந்துதான் ஆரம்பம்! மல்லாந்து கிடப்பவர் தம் கால்களால் நம் இடுப்பைப் பின்னிக்கொள்வார். இதற்குக் 'கார்டு' என்று பெயர். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசில் சென்றார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தார் கற்று வளர்த்த கலை இது.

அந்தக் கால் வேலியைக் கடந்து, அவர் பக்கவாட்டில் அழுத்தி 3 விநாடி நிலைத்தால் போட்டியில் 3 புள்ளி கிடைக்கும்.

புதியவர்கள் பாய்ந்து படுத்துவிடுகிறார்கள். வேண்டாம். தலை தாழ்ந்தால் கழுத்து அவர் கைக்குள் போய்விடும். முதலில் முதுகை நிமிர்த்துங்கள், முழங்கைகளை உடலோடு ஒட்டி வையுங்கள். பிறகு எழுந்து நின்று, அவர் முழங்காலைக் கீழே தள்ளினால் பின்னல் அவிழும். உடனே உங்கள் முழங்காலை அவர் தொடையின் குறுக்கே சரித்து, தோளால் மார்பை அழுத்தியபடி காலை விடுவித்துக்கொள்ளுங்கள். பலம் அல்ல, அவர் இடுப்பை அசையவிடாமல் செய்வதே இதில் பாதி வேலை.

ஒரு கை அவர் கால்களுக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் இருந்தால் ஆபத்து. கால்களால் முக்கோணம் போட்டுக் கழுத்தை நெரிப்பார். பிடி இறுகியதும் அவர் உடம்பிலோ பாயிலோ தட்டுங்கள், விட்டுவிடுவார். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், இந்தத் தட்டலை முதல் நாளே சொல்லித் தருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.