ஆமை வாழும் நீர்

முனிசுவிரத தீர்த்தங்கரரின் இலாஞ்சனம் ஆமை என்பதை நாம் அறிவோம். ஆமைக்குத் தீங்கெண்ணாத நாம், அது வாழும் நீரைக் காக்கின்றோமா?

ஜினகாஞ்சியாம் திருப்பருத்திக்குன்றம் வேகவதிக் கரையில் உள்ளது. காஞ்சியைச் சூழ ஏரிகள் பல. வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. போன்ற நஞ்சுகள் மழைநீரோடு நீர்நிலையை அடைந்தால், எளிதில் சிதையாது சேற்றில் தங்கும். நத்தையும் மீனும் உண்ணும் பாலாமையின் கொழுப்பில் அவை ஆண்டுதோறும் சேரும். முட்டை வழியே குஞ்சையும் அடையும். வட அமெரிக்கப் பேரேரிகளில் இவ்வகை நஞ்சு மிகுந்த இடங்களில், ஆமை முட்டைகள் பொரியாமையும் குஞ்சுகளின் ஊனமும் மிகுதியாகக் காணப்பட்டன.

வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாட்டை இந்தியா 1989-இல் தடை செய்தது. எனினும் படிந்த நஞ்சு விரைவில் நீங்காது. வினை நீக்கத்தில் உதிர்ப்புக்கு முன் செறிப்பு வேண்டும் அன்றோ? அதுபோலப் புதிய நஞ்சு புகாமல் தடுப்பதே முதற்கடன். மருந்துக் கலன்களை ஏரியில் கழுவாதிருப்போம், பூச்சிமருந்தைக் குறைப்போம். கண்ணுக்குத் தெரியாத கொலையும் கொலையே.