ஆங்கிலம் அறிவோம்: படித்து முடித்தாரா, மயங்கி விழுந்தாரா?



உதவித்தொகை கேட்டும் வேலைக்குப் பரிந்துரை கேட்டும் நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2023’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். 2023-இல் படிப்பை முடித்தேன் என்று சொல்ல வருகிறார்கள். சென்னையில் இது எல்லோருக்கும் புரியும். வேலை விளம்பரங்களிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே பயோடேட்டா லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ போனால், ‘2023-இல் மயங்கி விழுந்தேன்’ என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அங்கே குடித்து நினைவிழப்பதற்கும் இதே சொல்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தேவையா?

‘பாஸ் அவுட்’ நான்கு பொருளில் வழங்குகிறது.

1. மயக்கமடைதல். உலகெங்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுவே. ‘ஷி பாஸ்டு அவுட் இன் தி ஹீட்’ என்றால், வெயிலில் மயங்கி விழுந்தாள்.

2. எல்லோருக்கும் கொடுத்தல். ‘பாஸ் அவுட் தி புக்ஸ்’ என்றால், புத்தகங்களை எல்லோருக்கும் கொடு. ‘பாஸ் தெம் அவுட்’ என்று இரு சொற்களையும் பிரித்தும் சொல்லலாம்.

3. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுதல். இது பிரிட்டிஷ் வழக்கு. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் ‘பாஸிங் அவுட் பரேடு’ இதிலிருந்து வந்ததே.

4. கல்லூரிப் படிப்பை முடித்தல். இது பெரும்பாலும் நம் நாட்டு வழக்கு.

‘பாஸ் அவே’ என்பதில் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு இறந்துபோதல் என்று பொருள். ‘அத்தா பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கினார். ‘பாஸ்டு அவே’ என்றால் வஃபாத்தாகிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு மருத்துவமனையிலிருந்து அனுப்பும் செய்தியில் இந்த ஒரு சொல் மாறினால் அவர் என்ன பாடுபடுவார்!

எப்படி எழுதலாம்?

பட்டம் பெற்றிருந்தால்: ‘ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் தி நியூ காலேஜ் இன் 2023.’
பள்ளிப் படிப்புக்கு: ‘ஐ கம்ப்ளீட்டட் பிளஸ் டூ இன் 2020.’
தேர்வில் வெற்றி என்றால்: ‘ஐ பாஸ்டு தி எக்ஸாம்.’ இங்கே ‘அவுட்’ வேண்டாம்.

வீட்டில் ஒரு பயிற்சி: பிள்ளையின் பயோடேட்டாவை எடுத்து, ‘பாஸ்டு அவுட்’ இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, பிள்ளையையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். விண்ணப்பம் அனுப்பும் முன்பே செய்துவிடுங்கள்.