கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் கணினி கட்டுவோருக்கு

என் தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு கணினி அசெம்பிள் செய்து வாங்கி வந்தான். ஐ5-12400 எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம். ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் 'நோ சிக்னல்'. கேபிளை மாற்றினோம். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். மானிட்டரை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பார்த்தோம், அங்கே நன்றாக வேலை செய்தது. "போர்டுலதான் எச்டிஎம்ஐ இருக்கே மாமா, அப்புறம் ஏன் படம் வரல?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பழைய கணினிகளில் அவன் நினைத்ததுதான் சரி. ஜி31, ஜி41 காலத்து இன்டெல் போர்டுகளில் படம் வரைகிற வேலை சிப்செட்டில் நடந்தது. போர்டு ஏற்கிற பிராசசர் எதுவானாலும் விஜிஏவில் படம் வந்துவிடும். 2010-இல் இன்டெல் அந்த வேலையைப் பிராசசர் பக்கம் கொண்டுவந்தது. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜில் இரண்டும் ஒரே சில்லாயின. அதன்பின் போர்டின் பின்புறத்து எச்டிஎம்ஐ வெறும் வாசல்தான். உள்ளே ஆள் இல்லாத வீட்டின் வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் வரப்போவதில்லை.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது பிராசசரின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தை. இன்டெலில் 'எஃப்' இருந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. 2019-இல் 9-ஆம் தலைமுறையோடு தொடங்கிய இந்த வழக்கம் 12400 எஃப், 'கே'யோடு ஒட்டிவரும் 'கேஎஃப்', கோர் அல்ட்ரா 200 வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன்களில் கணக்கு தலைகீழ்: 'ஜி' இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. 5600 ஜி-யில் படம் வரும். 5600, 5600 எக்ஸ், 5500 மூன்றிலும் வராது. 2022-இல் ஏஎம்5 வந்தபோது கணக்கு மறுபடி மாறியது. ரைசன் 7600 போல 'ஜி' இல்லாதவற்றிலும் சிறிய கிராஃபிக்ஸ் உண்டு; 7500 எஃப் போல 'எஃப்' சேர்ந்தவற்றில் இல்லை. பில்லில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஓரெழுத்தைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

எங்களுக்கு விற்ற கடையில், "ஒரு ஜிடி 710 கார்டு போட்டுக்கோங்க, சரியாயிடும்" என்றார்கள். படம் வரும் என்பது உண்மை. ஆனால் இதைவிட மோசமான செலவு இந்த விஷயத்தில் இல்லை என்பது என் முடிவு. அந்தக் கார்டின் கெப்ளர் சில்லு 2012-இல் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தது. புதிய கேம் டிரைவர்கள் அதற்கு 2021-இல் நின்றுவிட்டன. யூட்யூப் தன் வீடியோக்களைச் சுருக்கப் பயன்படுத்தும் விபி9, ஏவி1 இரண்டையும் அதன் வன்பொருளால் விரிக்க முடியாது. அந்தப் பாரம் பிராசசர் தலையில் விழும். எஃப் இல்லாத 12400-இன் உள்ளே இருக்கும் யுஎச்டி 730 இரண்டையும் தானே விரிக்கும், கார்டைவிட வேகமாகவும் வரையும். எஃப்-இல் மிச்சம் பிடித்த பணத்தை அந்தக் கார்டில் போட்டுவிட்டு, உள் கிராஃபிக்ஸைவிடக் குறைந்ததை வாங்கிவருகிறோம்.

சரி, எதை வாங்குவது? எழுத்து வேலை, கணக்கு, பாடம், சினிமா என்றால் எஃப் இல்லாத ஐ3-12100 அல்லது ஐ5-12400 போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு, வீடியோவை வேகமாகச் சுருக்கி விரிக்கும் இன்டெலின் குயிக் சிங்க் இன்னொரு ஆதாயம். கார்டு இல்லாமலே கொஞ்சம் விளையாடவும் வேண்டும் என்றால் ஏஎம்டியின் 'ஜி' பக்கம் போகலாம். 5600 ஜி-யில் உள்ள வேகா கிராஃபிக்ஸ் வலோரன்ட் போன்ற இலகுவான ஆட்டங்களைத் தாங்கும்; ஏவி1 மட்டும் அதற்குத் தெரியாது. கையில் பணம் இருந்தால் ஏஎம்5-இல் 8600 ஜி, 8700 ஜி இன்னும் வலுவானவை. 7600-இன் உள்ளே இருப்பதை விளையாட நம்பாதீர்கள். அதில் வரைகலை அலகுகள் 2 மட்டுமே, 8700 ஜி-யில் 12. திரையை ஓட்டுவதற்கு வைத்தது அது.

பிராசசரை முடிவு செய்தபின் போர்டின் வாசலுக்கு வருவோம். 1920-க்கு 1080 மானிட்டர் ஒன்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், எந்த எச்டிஎம்ஐயும் போதும். விஜிஏவைப் பழைய மானிட்டர் கையில் இருந்தால் மட்டும் பாருங்கள். எச்டிஎம்ஐயும் விஜிஏவும் உள்ள போர்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். பக்கம் கட்டுகிறவர்கள் பழைய மானிட்டரை வீசிவிடாமல் இரண்டாம் திரையாக வைத்துக்கொண்டால் வேலை எவ்வளவு எளிதாகிறது என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

4கே மானிட்டர் வாங்கும்போதுதான் பலர் அடிபடுகிறார்கள். எச்டிஎம்ஐ 1.4 வாசலில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். படம் தெளிவாகவே இருக்கும். மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டுவிட்டுத் தாவும், ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. இன்டெலின் 6 முதல் 10-ஆம் தலைமுறை வரையான டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் தானாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4தான், தனி மாற்றுச் சில்லு வைத்த போர்டுகளில் மட்டுமே 2.0 இருக்கும். அதே பிராசசர்கள் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 4கே, 60 ஹெர்ட்ஸ் தரும். செகண்ட்ஹேண்டில் அந்தத் தலைமுறைக் கணினி வாங்குகிறவர்கள் பின்புறத்தில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஎம்4-இலும் பழைய போர்டுகள் சிலவற்றில் 1.4தான். போர்டின் மாடல் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, எச்டிஎம்ஐ வரியில் '4கே 60' என்று இருக்கிறதா என்று படிப்பதுதான் உறுதியான வழி.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரணக் கேபிள் ஒருவழிப் பாதை. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அதைத் திருப்பி மாட்டிப் பயனில்லை. டைப்-சி துளை இருந்தாலே படம் வரும் என்றும் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலான போர்டுகளில் அது தரவுக்கு மட்டும்தான்.

இனி ராம். உள் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பிராசசரின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேர்ந்தால் 51.2. அதனால் 16 ஜிபி ஒன்று வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். ஏஎம்டி 'ஜி' வாங்கிவிட்டு ஒற்றை ராமோடு விளையாடுவது, காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பெரும்பங்கைப் பெட்டியிலேயே பூட்டிவைப்பது. நான்கு துளை உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் துளைகளில் மாட்ட வேண்டும்.

பெரிய ஆட்டங்கள், முப்பரிமாண வேலை என்றால் நல்ல கார்டு வாங்கத்தான் வேண்டும். அப்போதும் விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் எஃப் இல்லாததையே எடுங்கள். கார்டு வாரண்டிக்குப் போய்த் திரும்பும் வாரங்களில் கணினி இருட்டாகக் கிடக்காது. கார்டு போட்டபின் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது போர்டின் வாசல், கீழே தனிப்பட்டையில் இருப்பது கார்டினுடையது. இரண்டிலும் ஒவ்வொரு மானிட்டர் ஓட வேண்டுமானால் பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' போன்ற பெயரில் உள்ளதை இயக்கிவிடுங்கள்.

தங்கை மகன் மறுநாளே பிராசசரைக் கடையில் கொடுத்து, மேற்கொண்டு பணம் கட்டி எஃப் இல்லாத 12400 வாங்கினான். அதே போர்டு, அதே கேபிள். ஸ்விட்சைப் போட்டதும் படம் வந்தது. இரண்டாவது 8 ஜிபி ராமைத் தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்தேன்.