வண்டி வேண்டாம், மெட்ரோ போதும்: பெங்களூரு பீர் உலாவுக்குச் சில குறிப்புகள்

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் நின்றால் அடிக்கடி வருகிற பேச்சு இது: "ஒரு நாள் பெங்களூரு போய், அங்கேயே காய்ச்சி ஊத்துற பீரை ருசி பார்த்துட்டு வரலாமா?" நம்ம பக்கம் டாஸ்மாக் பாட்டில்தான். கடைக்குள்ளேயே தொட்டி வைத்துக் காய்ச்சி, குழாயிலிருந்து நேராக கிளாஸில் பிடித்துத் தரும் மைக்ரோ ப்ரூவரிகளுக்குப் பேர்போன ஊர் பெங்களூரு. தாராளமாகப் போய் வாங்க. ஆனால் காரும் பைக்கும் வீட்டிலேயே இருக்கட்டும். ரயில், மெட்ரோ, நடை, இந்த மூன்றை வைத்தே ஒரு நாளைச் சுகமாக முடிக்கலாம். பணமும் மிச்சம், வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் நிம்மதி.

1. முதலில் திரும்பி வருகிற டிக்கெட்டைப் போட்டுடுங்க, அப்புறம் போகிற டிக்கெட். 60 நாள் முன்னாடியே ரிசர்வேஷன் திறந்துவிடும், அதனால் ஷிப்ட் பட்டியல் கைக்கு வந்ததும் உட்கார்ந்துவிடலாம்.

2. காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு பெங்களூரு. இரவு பெங்களூரு மெயிலில் படுத்தால் விடியும் முன் சென்னை. லாட்ஜ் வாடகை முழுசாக மிச்சம்.

3. மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுங்க. இறங்கி சுரங்கப்பாதையில் ரோட்டைக் கடந்தால் எதிரிலேயே சென்ட்ரல், ஆட்டோ வேண்டாம். திரும்பும்போது மட்டும் பலகையைப் பார்த்து ஏறுங்க. தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகள் நிறைய, நமக்கு வேண்டியது செங்கல்பட்டு வண்டி.

4. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் நண்பர்கள் சென்னைக்குள் போய் அதே சாலையில் திரும்பி வர வேண்டியதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலை உங்கள் வாசலிலேயே போகிறது. பஸ்ஸில் முன்பதிவு செய்யும்போது ஏறும் இடம் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

5. இந்த உலாவில் எனக்கு ரொம்பப் பிடித்த சூட்சுமம் இதுதான். போகும்போது கடைசி ஸ்டேஷன் வரை போகாமல் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிடுங்க, எதிரிலேயே மெட்ரோ இருக்கு. 2023 அக்டோபரிலிருந்து ஊதா வழித்தடம் ஒரே நீட்டாக ஓடுகிறது. அங்கே ஏறினால் நாலாவது நிறுத்தம் இந்திரா நகர், அதிலிருந்து மூன்றாவது எம்.ஜி. ரோடு, அதே வண்டியில் இன்னும் போனால் மெஜஸ்டிக் தாண்டி பெங்களூரு சிட்டி ரயில் நிலையம். போன வழியே திரும்பாமல், வழித்தடமும் மாறாமல், நடுநடுவே இறங்கிக் குடித்து, ஊரைக் கடந்து இரவு ரயிலின் வாசலில் இறங்கிவிடலாம்.

6. இரண்டு கடை போதும். இந்திரா நகர் 100 அடி சாலையில் 2010-ல் தொடங்கிய டாய்ட், அப்புறம் மாக்ரத் சாலையில் ஆர்பர். ஆர்பர் 2012-ல் வந்தது, அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊரில் இருந்த மதுக்கூடத்தின் பெயரைச் சுமந்து வந்தது. முன்னது மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம், பின்னது எம்.ஜி. ரோடு நிலையத்திலிருந்து பிரிகேட் ரோடு வழியாக ஒரு நல்ல நடை. ஒரே நாளில் நாலைந்து கடை என்று பட்டியல் போட்டால் மூன்றாவது கடையில் எதைக் குடிக்கிறோம் என்றே நாக்குக்குத் தெரியாது.

7. ஹென்னூர், சர்ஜாபூர் பக்கம் பெரிய தோட்டம் போட்ட கடைகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெட்ரோவை விட்டு விலகி இருப்பதால் டாக்ஸிக்கே பாதிப் பணம் போய்விடும். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கோங்க.

8. நம்ம தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை, வார விடுமுறை பலருக்கும் வார நாளில் வரும். அன்றைக்கே கிளம்புங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வரிசை கட்டி நிற்கிற கடையில் செவ்வாய்க்கிழமை மதியம் ஜன்னலோர மேசை கிடைக்கும், சலுகை விலையும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான்.

9. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி நாட்களில் மது கிடையாது. ஊரில் தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல். கர்நாடக நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துட்டு தேதி குறிங்க.

10. வெறும் வயிற்றோடு உள்ளே போகாதீங்க. காலி வயிற்றில் பீர் சீக்கிரம் ஏறும், பசியும் சேர்ந்தால் மெனுவில் இருக்கிற விலையுயர்ந்த வறுவலை எல்லாம் வாய் கேட்கும். வழியில் ஒரு தர்ஷினியில் (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) இட்லி வடை முடித்துட்டுப் போனால் உள்ளே ஒரே ஒரு தட்டு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

11. எடுத்த எடுப்பில் பெரிய கிளாஸ் சொல்லாமல் சாம்பிளர் கேளுங்க. ஒரு மரப்பலகையில் குழி போட்டு, சின்னச் சின்ன கிளாஸ்களாக வகைக்கு ஒன்று வைத்துக் கொடுப்பாங்க. எலுமிச்சை நிறத்தில் தொடங்கி, தேன், செம்பு, கடைசியில் டிகாக்‌ஷன் நிறம். இரண்டு பேருக்கு ஒரு பலகை சொல்லி, பிடித்த ஒன்றை மட்டும் பிறகு பெரிசாக வாங்குங்க. பிடிக்காத பீருக்கு முழு விலை கொடுத்து மீதி வைக்கிற நஷ்டம் இல்லை.

12. பலகையில் வெளிர் நிறத்திலிருந்து கருப்பு நோக்கிப் போங்க. முதலில் கோதுமை பீர். அதில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், எசன்ஸ் எதுவும் கிடையாது, ஈஸ்ட்டே கொண்டு வருகிற வாசனை. ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட கசப்பான ஐ.பி.ஏ. பின்னால் வரட்டும். வறுத்த பார்லியில் செய்த ஸ்டவுட் கடைசி, காபி பிரியர்கள் அங்கேதான் நின்றுவிடுவாங்க.

13. டாய்ட் போனால் பாஸ்மதி ப்ளாண்ட் ஒரு வாய் பாருங்க. மால்ட்டோடு பாஸ்மதி அரிசியும் சேர்த்துக் காய்ச்சியது, நம்ம வெயிலுக்கு ஏற்ற இலேசான வகை.

14. மெனுவில் ஒவ்வொரு பீருக்குப் பக்கத்திலும் ஆல்கஹால் சதவீதம் இருக்கும், விலையைப் பார்க்கிற மாதிரி அதையும் பாருங்க. 4.5 சதவீதமும் 8 சதவீதமும் ஒரே அளவு கிளாஸில் வந்தால், உடம்புக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம்.

15. கூட்டம் இல்லாத நேரம் என்றால் தொட்டிகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, சுற்றிலும் குளிர்நீர் ஓடுகிற உறை, பிரஷர் கேஜ், வெப்பநிலை காட்டும் திரை. பிளான்ட்டில் வால்வும் பைப்பும் பார்த்துப் பழகிய நமக்கு இது காசில்லாத விருந்து. காய்ச்சுபவர் பக்கத்தில் இருந்தால் நொதிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுப் பாருங்க, நம்ம கேள்வி வேறு மாதிரி இருக்கிறதே என்று அவருக்கும் பேசப் பிடிக்கும்.

16. ஒரு கிளாஸ் பீர், ஒரு கிளாஸ் தண்ணீர், இப்படியே மாற்றி மாற்றிப் போங்க. சாதாத் தண்ணீர் கேட்டாலே தருவாங்க, பாட்டில் தண்ணீருக்குத் தலையாட்டிடாதீங்க.

17. கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவர் கணக்கில் போட்டுடுங்க, எல்லா பில்லும் அவர் கையால்தான். அந்தப் பணம் தீர்ந்தால் அன்றைய குடியும் தீர்ந்தது. குடிக்காமல் கூட வருகிற நண்பரிடம் சாப்பாட்டுப் பங்கு மட்டும் வாங்குவதுதான் நியாயம்.

18. பில்லை நிதானமாக இருக்கும்போதே வாங்கிப் படிங்க. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். சாப்பாட்டுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, எடுக்கச் சொன்னால் எடுக்கணும். நல்லா கவனித்துக்கொண்ட பையனுக்குக் கையில் ஒரு தொகை கொடுங்க, அது அவருக்கே சேரும்.

19. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. சர்ச் ஸ்ட்ரீட்டில் ப்ளாசம், புக்வோர்ம் என்று பழைய புத்தகம் கிடைக்கிற கடைகள் இருக்கு, இந்தியா காபி ஹவுஸும் அங்கேதான். கால் வலித்தால் கப்பன் பூங்கா, நிழலுக்குக் காசு கிடையாது.

20. மெட்ரோவில் கைப்பேசி கியூ.ஆர். டிக்கெட் ஒன்றிலேயே ஆறு பேர் வரை சேர்ந்து போகலாம், வரிசை மிச்சம். தள்ளாடிக்கொண்டு ஏறினால் மெட்ரோ ரயில்வே சட்டப்படி அபராதம் போட்டு இறக்கிவிட முடியும். அந்த அளவுக்குப் போகாமல் நிறுத்துவதுதான் மரியாதை.

21. இரவு 9 மணிக்கு நாலு பேர் கைப்பேசியிலும் அலாரம். அடித்ததும் எழுந்துடணும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்கிறவரை நடுவில் விட்டு நடத்திக் கூட்டிட்டு வாங்க. பீர் குடித்தவர்களுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்க, ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருப்பாங்க.

22. பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீங்க. வெளிமாநில மதுவோடு தமிழ்நாட்டுக்குள் வந்து சிக்கினால் வம்பு. ருசியைத் தேடிப் போன பீரும் குளிரை விட்டு வெளியே வந்தால் கெட ஆரம்பித்துவிடும்.

23. நம்ம ஸ்டேஷன் ஸ்டாண்டில் பைக்கைப் போட்டுட்டுப் போவது பெரிய ஆபத்து, விடிகாலையில் "தெளிஞ்சிட்டேன்" என்று எடுக்கத் தோன்றும். 5 சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கு, அதை உடம்பு கரைக்கவே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு கிளாஸ் என்றால் கணக்குப் போட்டுக்கோங்க, தூங்கினாலும் குளித்தாலும் வேகம் கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ போதும்.

24. மறுநாள் முதல் ஷிப்ட் வேண்டாம். சில கம்பெனி வாசலில் ஊதச் சொல்கிறாங்க, இயந்திரத்துக்கு முன்னால் தூக்கக் கலக்கம் அதைவிட மோசம். முன்கூட்டியே சக ஊழியரிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கோங்க.

25. வீட்டுக்கு வாங்குவதை முதல் கடைக்குள் நுழையும் முன்பே வாங்கிப் பையில் வைத்துடுங்க, அப்புறம் ஞாபகம் இருக்காது. ஐயங்கார் பேக்கரி காரா பன்னும் தில் பசந்தும் ஒரு ராத்திரிப் பயணம் தாங்கும். காகிதப் பையோடு ஒரு டப்பாவில் போட்டால் நசுங்காமல் வந்து சேரும்.