ஆபீஸ் வேலைக்கு ஒரு டைரி

ஜனவரியில் நகைக்கடையும் வங்கியும் கொடுக்கும் டைரிகள் பொங்கல் வரைதான் டைரிகள். அதன்பிறகு பால் கணக்குக்குப் போய்விடும். சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். எதை எழுதுவது என்று தெரியாததுதான் காரணம் என்பது என் கணிப்பு. 'இன்று மனசே சரியில்லை' என்று நான்கு நாள் எழுதினால், ஐந்தாம் நாள் எழுதுகிறவருக்கே அலுத்துவிடும்.

வேலை பார்ப்பவருக்குத் தோதான டைரி எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே பெரிய உதாரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, வியாபாரம் எப்படிப் போகிறது, கவர்னர் துப்ளே என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார் என்று பக்கம் பக்கமாக விவரம். துரையின் மனம் மாறினால் தன் அந்தஸ்தும் ஆடிப்போகும் இடத்தில் இருந்தவர் அவர். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதை மறக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. இன்றைய ஆபீஸ் அதிலிருந்து ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.

ஆகவே நடந்ததை எழுதுங்கள். மாலையில் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். இன்று எது நகர்ந்தது, எது எங்கே முட்டி நின்றது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன், இவ்வளவுதான். 'இன்று வேலை அதிகம்' என்பது குறிப்பே அல்ல. 'ஜிஎஸ்டி கணக்கில் இரண்டு பில் ஒத்துப்போகவில்லை. சப்ளையரிடம் பேசினேன், வியாழனுக்குள் திருத்தித் தருவதாகச் சொன்னார்' என்பது குறிப்பு. வெள்ளிக்கிழமை அவர் 'அப்படியா சொன்னேன்?' என்று கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

'எது நகர்ந்தது' என்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வாளர்கள் தெரசா அமாபிலி, ஸ்டீவன் கிரேமர் இருவரும் ஏழு நிறுவனங்களில் 238 பேரிடம் தினக்குறிப்புகளை வாங்கிப் படித்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 12,000 குறிப்புகள். வேலை நாள் ஒன்று நல்ல நாளாக அமைய எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது, அர்த்தமுள்ள வேலையில் ஒரு அடியாவது முன்னேறியதுதான் என்று 2011இல் வந்த தங்கள் புத்தகத்தில் எழுதினார்கள். ஆனால் அந்த ஒரு அடி நினைவில் தங்காது. மீட்டிங்கில் வாங்கிய திட்டுதான் தங்கும்.

காலைக்கு வருவோம். ஐந்து மணிக்கு எழு, தியானம் செய், ஓடு, மூன்று பக்கம் எழுது என்று யூடியூபில் உபதேசிப்பவர்களுக்கு வீட்டில் வேறு யாரோ சமைத்துப் போடுகிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஐந்து மணிக்கு எழும் அட்டவணை போட்டவர்தான். ஆனால் ஒழுங்கு என்ற குணம்தான் தன்னை அதிகம் பாடாய்ப்படுத்தியது என்று அதே சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். உபதேசிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வருபவருக்கும், ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டுபவருக்கும், செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடிப்பவருக்கும் காலையில் இரண்டே வேலை. நேற்றைய குறிப்பைப் படியுங்கள். இன்று முடித்தே ஆகவேண்டியது எது என்று எழுதுங்கள். ஒன்றே ஒன்று, ஏழு வேண்டாம். இதைப் போனைத் தொடுவதற்கு முன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டால் பிறகு அடுத்தவர் அவசரம்தான் உங்கள் அன்றைய வேலை.

கடிகார நேரம் குறிக்காமல், தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு இதை முடிச்சுப் போடுங்கள். 'காபி டம்ளரைக் கீழே வைத்ததும் நோட்டைத் திறப்பேன்' என்பதுபோல. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இத்தகைய திட்டங்கள் பலிப்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பவேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடிமுழுகிப் போவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அப்படியானால் கோபம், அவமானம், வயிற்றெரிச்சல் இதையெல்லாம் எழுதவே கூடாதா? எழுதலாம், தனித் தாளில். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் வேலையிழந்த பொறியாளர்களை வைத்து உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சகாக்களும் 1994இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலை போன வேதனையை ஐந்து நாள், தினம் 20 நிமிடம் எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போட்டு அலையவில்லை. இண்டர்வியூவில் பழைய கம்பெனியைப் பற்றிக் கேட்டபோது கசப்பு வழியாமல் பேச முடிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை.

எழுதுவதைவிட முக்கியம் திரும்பப் படிப்பது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். மாதக் கடைசியில் அரைமணி ஒதுக்கி, அந்த மாதத்துப் பக்கங்களைப் பென்சிலோடு படியுங்கள். ஒரே ஆளின் பெயர், ஒரே வகைத் தடை மூன்று முறை வந்திருந்தால் அடிக்கோடிடுங்கள். மேலாளரிடம் எடுத்துச்செல்ல வேண்டிய விஷயம் அது. முடித்த வேலைகளில் சொல்லத் தகுந்த இரண்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். மார்ச்சில் அப்ரைசல் படிவம் வரும்போது, போன ஜூனில் என்ன செய்தோம் என்று மோட்டுவளையைப் பார்க்க வேண்டியிருக்காது. இருபத்துச் சொச்சம் வரிகள் தயாராக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் கணக்கு எண், வெளியே போகக்கூடாத விலைப்பட்டியல் எதுவும் இந்த நோட்டில் வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பிலும் இதை எழுதாதீர்கள். வேலையை விடும் நாளில் லேப்டாப்பைத் திருப்பித் தரவேண்டும், டைரியும் அதோடு போய்விடும். நாற்பது ரூபாய் நோட்டு போதும்.