ஒரே எழுத்து, இரண்டு ஆள்

நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வட இங்கிலாந்தில் ஓர் அரசுப் பள்ளியில் லத்தீன் நடத்தும் ஆசிரியைக்கு, பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் இது தெரிந்தது. பின்னால் 28 பிள்ளைகள். கையிலிருந்த பயணத்திட்டத்தில் ‘செவ்வாய்: அருங்காட்சியகம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது, போட்டவர் அவரேதான். அதற்குப் பிறகு நான்கு முறை இத்தாலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டார். புதிதாகக் கிளம்பும் ஆசிரியர் யாராவது யோசனை கேட்டால், இன்றைக்கும் முதலில் கிழமையைப் பார்க்கச் சொல்கிறார்.

ரோம் இருக்க, ஏன் முதலில் நேப்பிள்ஸ்? பாடப்புத்தகம்தான் காரணம். பிரிட்டனில் பல பள்ளிகள் 1970இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடநூலை வைத்து நடத்துகின்றன. அதன் முதல் புத்தகத்தின் கதை நடப்பது, நேப்பிள்ஸ் பக்கத்தில் வெசூவியஸ் எரிமலை புதைத்துவிட்ட பொம்பேயில். கதைத் தலைவர் லூகியுஸ் கைகிலியுஸ் யூகுண்டுஸ், ஏலத்துக்கும் கடனுக்கும் பணம் புரட்டிப் பிழைத்த நிஜ மனிதர். 1875இல் அவர் வீட்டில் கணக்கு எழுதிய மெழுகுப் பலகைகள் 150க்கு மேல் கிடைத்தன. முதல் பாடத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு பழகிய பிள்ளைகளுக்கு, பொம்பேய் போவது தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி.

வீடு திறந்திருந்தால்! பொம்பேயில் எல்லா வீடும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. பராமரிப்புக்காக மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். “கம்பி வழியா எட்டிப் பார்த்துட்டு அழுத பிள்ளையும் உண்டு” என்கிறார் ஆசிரியை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வகுப்பில் கைகிலியுஸ் என்று படித்த பெயரை இத்தாலிய வழிகாட்டி ‘செச்சிலியோ’ என்பார். யாரைச் சொல்கிறார் என்று பிள்ளைகள் திருதிருவென விழிப்பார்கள்.

அலைச்சல் அதிகம் காகித வேலையில்தான். 2024 நவம்பரிலிருந்து பொம்பேய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் அவரவர் பெயர் இருக்கவேண்டும். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், இலவச டிக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் தருவது உத்தமம். வகுப்பில் செல்லப்பெயரால் மட்டுமே தெரிந்த பையன் பாஸ்போர்ட்டில் வேறு ஆளாக இருப்பான்.

இரண்டாவது பயணத்தில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பாஸ்போர்ட். சென்னையில் பிறந்த மாணவி ஒருத்தி. வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்தில், கையில் இந்திய பாஸ்போர்ட். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், பள்ளிக் குழுவின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் இருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தனி விசா தேவைப்படாது. இப்போது ஷெங்கன் விசா எடுத்தாகவேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் பயணம்; பிப்ரவரியில் அவள் அப்பா வந்து, “விசாவுக்கு நீங்க ஏற்பாடு பண்றீங்களா மிஸ்?” என்று கேட்டபோதுதான் ஆசிரியைக்கு உறைத்தது. “தப்பு என்னோடது. எந்த நாட்டு பாஸ்போர்ட்னு நான் யாரையுமே கேக்கலை.” கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது விசா வந்தது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், இப்போதெல்லாம் செப்டம்பரிலேயே எல்லாருடைய பாஸ்போர்ட் நகலையும் வாங்கிவிடுகிறார்.

ரயில் விஷயம் சுருக்கம். நேப்பிள்ஸிலிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெண்டோ பாதையில் ஏறி ‘பொம்பேய் ஸ்காவி’யில் இறங்கவேண்டும். பெயரில் பொம்பேய் உள்ள இன்னொரு நிலையம் வேறு பாதையில் இருக்கிறது. அது இன்றைய ஊருக்குப் போவது. ரயிலில் கூட்டம் நெரியும், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளவேண்டும். பொம்பேய் சுமார் 66 ஹெக்டேர், நிழல் அபூர்வம், கால் வைக்கும் கல்லெல்லாம் மேடுபள்ளம். மறுநாள் கால் வலிக்கும் கூட்டத்துக்கு, அதே எரிமலை புதைத்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம் ஏற்றது. சின்ன இடம், கரியாகிப்போன மரக்கதவும் கட்டிலும்கூட அங்கே மிஞ்சியிருக்கின்றன. நேரம் போதாவிட்டால் வெசூவியஸ் ஏறுவதை விட்டுவிடலாம் என்பது ஆசிரியையின் கட்சி. பிள்ளைகள் எதிர்க்கட்சி.

ஆனால் அவர் உண்மையில் மாற்றிக்கொண்டது பாடம் நடத்தும் விதத்தை. முதல் பயணத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட கல்வெட்டுக்கு முன்னால் வாயடைத்து நின்றார்கள். பாடநூல் லத்தீனில் வாக்கியம் முழுதாக இருக்கும். கல்லில் செதுக்குகிறவன் எழுத்தை மிச்சம்பிடிப்பான். அதனால் இப்போது கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரமும் சுருக்கெழுத்துக்குத்தான். ஆளுக்கொரு கல்வெட்டு, அங்கே போய் அவர்கள்தான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

கைகிலியுஸ் வீட்டில் கிடைத்த வெண்கலத் தலை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சலவைக்கல் தூணின் மேல் ஏறுநெற்றி, முகத்தில் எடுப்பான மரு. அது அவரா, அவருடைய தந்தையா என்று வாதம் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த மரு ஒன்றே போதும், அவர்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். தூணில் உள்ளது இவ்வளவுதான்: ‘கெனியோ எல் நாஸ்ட்ரி, ஃபெலிக்ஸ் எல்.’

அந்தக் கல்வெட்டு வாய்த்த பையன் ‘எல்’ வந்த இடத்தில் ஐம்பது என்று படித்தான். ரோமன் எண்ணில் சரிதான்.

“ஐம்பது என்ன?” என்று கேட்டார் ஆசிரியை.

யோசித்தான். முதல் எல் லூகியுஸ் என்ற பெயர். அப்படியானால் கடைசி எல்லும் லூகியுஸா? ஃபெலிக்ஸ் லூகியுஸ் என்று ஓர் ஆளா? கையேட்டைப் புரட்டினான். லிபெர்டுஸ், விடுதலை பெற்ற அடிமை. ‘எங்கள் லூகியுஸின் காவல் தெய்வத்துக்கு, விடுதலை பெற்ற ஃபெலிக்ஸ் வைத்தது.’ எசமானுக்கும் அடிமையாயிருந்தவனுக்கும் ஒரே எழுத்து. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மருவை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசி நாள் ரோம். பாந்தியோனுக்குள் போக வரிசை நீண்டிருந்தது. கல்வெட்டு வெளி முகப்பிலேயே இருப்பதால் படிக்க டிக்கெட் வேண்டாம். பக்கத்தில் தெருக்குழாய். ரோமில் இந்தக் குழாய்கள் நகரெங்கும் உண்டு. வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீச்சும். நனைந்த சட்டையோடு அதே பையன் அண்ணாந்து பார்த்தான். மார்கஸ் அக்ரிப்பா, அடுத்து எல், எஃப்.

“மிஸ், இந்த எல் அடிமையா?”

“பக்கத்துல எஃப் இருக்கு பாரு.”

“லூகியுஸ் மகன்!” மீதியையும் படித்துவிட்டான்: மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது. அக்ரிப்பா கட்டிய கோயில் எரிந்துபோனது, இன்று நிற்பதை எழுப்பியவர் பேரரசர் ஹாட்ரியன், பழைய பெயரையே மறுபடி பொறித்துவிட்டார் என்று ஆசிரியை சொன்னார்.

அவன் முகப்பை இன்னொரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். “அப்போ கட்டினவர் பேர் எங்கேயுமே இல்லையா மிஸ்?”

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஆசிரியை தலைகளை எண்ணத் தொடங்கினார்.