பெரிய கேள்விக்குச் சிறிய உயிர்

அன்புள்ள மதிவதனிக்கு,

மனித நினைவை ஆராயப் போன உன்னிடம் நெறியாளர் பழ ஈயைக் கொடுத்துவிட்டார் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். மறுத்துவிடாதே அம்மா. எரிக் காண்டெலின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

1929இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர் அவர். கல்லூரியில் படித்தது வரலாறும் இலக்கியமும்; பிறகுதான் மருத்துவம். மனித மனத்தை அறிய வேண்டும் என்பதுதான் அவருக்கும் ஆசை. பூனையின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். பாராட்டுக் கிடைத்தது, நினைவு எப்படிப் பதிகிறது என்பது மட்டும் புலப்படவில்லை. 1962இல் பாரிஸுக்குப் போய் அப்லீசியா என்ற கடல் நத்தையைக் கையில் எடுத்தார். மூத்த ஆய்வாளர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். நத்தைக்கும் மனித நினைவுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்கள் கேள்வி.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அந்த நத்தைக்குச் சுமார் 20,000தான். சில வெறுங்கண்ணுக்கே தெரியும். நீர்க்குழலைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், அதன்பின் லேசாகத் தொட்டாலே வேகமாக இழுக்கும். சில நிமிடங்களில் அது மறந்துபோகும். இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாள்கணக்கில் மறக்காது. அதிர்ச்சியின்போது சுரக்கும் செரடோனின், உணர்வு நரம்பணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைக் கூட்டுகிறது. அந்த அணு நரம்புக் கடத்தியை அதிகமாக வெளியிடுகிறது. குறுகிய கால நினைவு அவ்வளவே. பயிற்சி தொடர்ந்தால் செய்தி உட்கருவரை போய், மரபணுக்கள் விழித்து, புதுப் புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்கின்றன. நினைவு நிலைக்கும்போது நரம்பின் உடலே மாறுகிறது என்பதை ஒரு நத்தை காட்டிக்கொடுத்தது!

இன்னொன்றையும் இதில் பார். செரடோனின் மகிழ்ச்சியின் ரசாயனம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். இங்கே அதே செரடோனின்தான் உயிரை எச்சரிக்கையாக்குகிறது. எந்த அணு, எந்த ஏற்பி என்று கேட்காமல் ஒரு நரம்புக் கடத்திக்குக் குணம் கற்பிப்பது தவறு. இதில் நீ கறாராக இருக்க வேண்டும்.

உன் ஈயும் இதே கதையில் இருக்கிறது. 1970களில் சீமோர் பென்சர் என்ற அறிவியலாளரின் ஆய்வகத்தில், கற்க முடியாத ஓர் ஈ வகையைக் கண்டுபிடித்து அதற்கு ‘மந்தம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதில் பழுதாகியிருந்தது சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதி. நத்தையும் ஈயும் தனித்தனியே ஒரே மூலக்கூறைச் சுட்டின. எலியிலும் அந்த வழியே தென்பட்டது.

காண்டெலுக்கு 2000இல் நோபல் கிடைத்தது. கார்ல்சன், கிரீன்கார்ட் இருவரும் உடன் பெற்றார்கள். பாரிஸுக்குப் போய் 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு பொறுமை தேவைப்படும் துறை இது. உன் கேள்வியைச் சுருக்காதே, உயிரை மட்டும் சிறிதாக எடுத்துக்கொள். நெறியாளரிடம் சரி என்று சொல்லிவிட்டு, ஈ வளர்க்கக் கற்றுக்கொள்.

அன்புடன்,
உன் ஆசிரியை